டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்ற அம்மாவுக்கு, வயிற்றுக் கட்டியை அகற்றிய மறு வருடம் முதுகுவலி வந்தது. "கூடை சொமந்த வலி, வேற இன்னா" என்றாள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வலி அவளைப் படுக்கவே விடவில்லை. கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதுகெலும்பிலும் விலாவிலும் இடுப்பிலும் கறுப்புப் புள்ளிகள். நான் படித்தவள் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார். இந்த வகைக் கட்டி எலும்புக்குப் போவது அபூர்வம், ஆனால் போயிருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரிய நாளாகும், இனி வலியைத்தான் குறைக்க முடியும் என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதால் அவளுக்குப் புரிந்துவிடும். "எஸ் டாக்டர், எஸ் டாக்டர்" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

"மாத்திரை குடுத்திருக்காரு. வலி கொறையும்மா."

திரும்பும் ரயிலில், எதிரே இருந்த பூக்காரம்மாவிடம் அம்மா சொன்னாள்: "டாக்டரு என்னாண்ட ஒண்ணுமே பேசலக்கா. எல்லாம் எம்பொண்ணாண்டதான், இங்கிலீஷ்ல. ஒரு எடத்துல முழிக்கணுமே இவ, ஊஹூம்."

அந்தம்மா என்னை மரியாதையோடு பார்த்தாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில் அப்பாவும் தம்பிகளும் என்னிடம்தான் கேட்பார்கள். தாம்பரம் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

படித்ததற்காக நான் வருந்தியது அந்த ஒரு பயணத்தில்தான்.