எல்லா வீட்டுக்கும் இரண்டு கதவு

எங்கள் குழுவில் நான்கு பேர். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லோக்கல் ட்ரெயினில் இறங்கும் ஸ்டேஷன்தான் பெயர். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் தாடிக்காரன் முலுண்ட். வங்கியில் வேலை பார்க்கிறவள் மாட்டுங்கா. ஞாயிறு மதியம் நாங்கள் கூடுவது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான். பாலக்காட்டுக் குடும்பத்துப் பையன் செம்பூர். நான் சயான்.

இதில் என்னுடையது மட்டும் பொய். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, சயானில்தான் இறங்குகிறேன். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் வீடு, தாராவியில். முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது என் விலாசத்தைப் படித்துவிட்டு அந்த ஆள் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி எவன் கேட்டாலும் சயான். மூன்று வருடம் ஒரே மேஜையில் விளையாடியும் இவர்களிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

நாங்கள் விளையாடுவது கதை விளையாட்டு. ஒருவர் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: திருடி, வீரன், மந்திரவாதி. ‘கதவைத் திறக்கிறேன்’ என்று நாம் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று மாஸ்டர் சொல்வார். பூட்டு உடைந்ததா, அடி பட்டதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு டைஸ் சொல்லும். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ந்த நாலு பேர் சிறுபிள்ளை மாதிரி கத்திக்கொண்டிருப்பது தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர் செம்பூர். அவனுக்குப் புனேவுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தது, இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். அடுத்து யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது முலுண்ட் சொன்னான்: “சயான் ஒரு தடவை நடத்தட்டும். சரியா வரலைன்னா போதும், கடையை மூடிடலாம். சண்டே சண்டே அவ்ளோ தூரம் ட்ரெயின்ல வர்றேன்டா.”

 வாரம் முழுக்கக் குர்லாவில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறேன். எங்கே வெட்டணும், எங்கே மடக்கணும் என்று கோடு போடுகிற வேலை. அந்தக் கோடுகளுக்கு நடுவே எனக்கென்று இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதுவும் என் கையால் போய்விட்டால் என்று நினைத்தாலே பயமாக இருந்தது.

செம்பூர் ஒரு மேப் சாஃப்ட்வேரைக் காட்டிக்கொடுத்தான். இந்த மாதிரி விளையாட்டுக்கு ஊர், கோட்டை, சுரங்கம் எல்லாம் வரைவதற்கென்றே செய்தது. சனிக்கிழமை மதியம் வீட்டு மாடியில் உட்கார்ந்து திறந்தேன். கீழே அப்பாவின் தோல்பை பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாசலருகே உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சுவர் என்று ஒரு பொத்தான். இழுத்தால் சுவர். அதன்மேல் ஒரு கதவைத் தூக்கிப் போட்டால் சுவர் தானாக விலகி இடம் கொடுத்தது. ஒரு விளக்கை வைத்தேன். வெளிச்சம் அறை முழுக்கப் பரவி, சுவரில் முட்டி நின்று, திறந்த கதவு வழியாக மட்டும் வெளியே ஒழுகியது. “அடேயப்பா!” என்றேன் தனியாக. தூணை நகர்த்தினால் நிழலும் நகர்ந்தது! ஒரு மணி நேரம் தூணை நகர்த்தியே விளையாடினேன், வெட்கமில்லாமல்.

ஒரே ஒரு எரிச்சல். அந்த சாஃப்ட்வேரில் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு கட்டம் ஐந்தடி. எந்தச் சந்து போட்டாலும் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஐந்தடி அகலத்துக்கு வந்து நின்றது. ஐந்தடிக்கு என்னங்க சந்து? அதில் டெம்போ போகும். யாரோ அகலமான ஊர்க்காரன் செய்திருக்கிறான். செட்டிங்கில் எல்லாவற்றையும் தட்டித் தட்டி, கட்டத்தோடு ஒட்டுவதை நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடித்தேன். இரண்டரை அடியில் ஒரு சந்து விழுந்தது. வளைந்தது. இன்னொரு சந்தோடு போய் முட்டியது. கத்திவிட்டேன்.

“ஏல, எதுக்குல இப்பிடிக் கத்துத?” என்று அம்மா ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள். “இத்தன வீடு கட்டுதியே, ஒரு வீட்டுலயாவது ஆளு இருக்கா?”

அதுவும் சரிதான். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டிலும் பாய், பானை, பீப்பாய், கட்டில் என்று நிரப்பினேன். திருடர் பேட்டை ஒன்று, மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. என் திட்டம் இதுதான்: மூன்று பேரையும் பன்னிரண்டு காவலர்கள் துரத்துவார்கள். எந்தச் சந்தில் ஓடினாலும் கடைசியில் ஒரு கிணற்றடியில் போய் மாட்டுவார்கள், வழி அடைத்திருக்கும். அங்கே தளபதி காத்திருப்பான். பெரிய சண்டை. நடுவில் ஒரு வீட்டை மட்டும் அப்படியே எங்கள் வீடாக வரைந்தேன், கீழே தோல் பட்டறை, மூலையில் செங்குத்தாக ஒரு ஏணி, வாசலருகே மாவுத் தட்டு. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்த ஞாயிறு வந்தது. மாட்டுங்கா வீட்டு டிவியில் லேப்டாப்பை மாட்டினோம். திரை முழுக்கக் கறுப்பு. பாத்திரங்கள் நடக்க நடக்க, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடம் மட்டும் திறக்கும். முதல் சந்து வெளிச்சத்தில் விரிந்ததும் முலுண்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். 

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மூவரும் கிணற்றடிக்குப் போகும் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் காவலர்கள். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

“இந்த ஆத்துக் கதவைத் திறக்கறேன்” என்றாள் மாட்டுங்கா. அவள்தான் திருடி.

திறந்தேன். வீட்டுக்குள் வெளிச்சம் பரவியது.

“எதிர்ப் பக்கம் இன்னொரு கதவு இருக்கே. அதையும் திறக்கறேன்.”

திறந்தால் அடுத்த சந்து. காவலர்கள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். நான் என் லேப்டாப்பில் முழு மேப்பையும் பார்த்தேன். பகீரென்றது. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் இரண்டு கதவு, முன்சந்தில் ஒன்று, பின்சந்தில் ஒன்று. நானேதான் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறேன், மூன்று சனிக்கிழமையும். வைத்தது எனக்கே தெரியவில்லை. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என் கை நினைத்திருக்கிறது.

எங்கள் வீடு அப்படி. மழைக்காலத்தில் முன்சந்தில் தண்ணீர் தேங்கினால் தெரு முழுக்க எங்கள் வீட்டுக்குள் புகுந்துதான் பின்சந்துக்குப் போகும். “வழி, அத்தை!” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அம்மா தலை நிமிராமல் மாவுத் தட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடப் பிள்ளை, கேஸ் சிலிண்டர், ஒருமுறை கல்யாண மாப்பிள்ளை, எல்லாரும் போயிருக்கிறார்கள். பாதி வீடு, பாதி வழி.

இந்த மேப்பில் யாரையும் எந்தக் கிணற்றடியிலும் மாட்ட வைக்க முடியாது. ‘பூட்டியிருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வார உழைப்பு பிழைத்துவிடும். வாய் வரை வந்தது. ஆனால் பட்டப்பகலில் எவன் வீட்டைப் பூட்டுவான்? எனக்கே கோபம் வந்தது. தளபதி கிணற்றடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! மூன்றாவது வீட்டில் ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், சோப்பு நுரையில் முலுண்டின் வீரன் வழுக்கி விழுந்தான். அடுத்த வீட்டில் சாயப் பீப்பாய், செம்பூரின் மந்திரவாதி முழங்கால் வரை நீலமாக வெளியே வந்தான். இன்னொன்றில் ஒரு தாத்தா, தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் கட்டிலைத் தூக்கிக் காவலர்களுக்குக் குறுக்கே போட்டார். எதையும் நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. யாரும் உட்காரவில்லை. டைஸ் மேஜையிலிருந்து துள்ளி சோபாவுக்கு அடியில் ஓட, மாட்டுங்கா குப்புறப் படுத்துத் தேடினாள்.

“எங்கேருந்துடா பிடிச்சே இதெல்லாம்? நெட்டிலயா?” என்றான் செம்பூர்.

“சும்மா” என்றேன்.

அப்போது அவர்கள் மேப்பின் நடுவில் இருந்த எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். தோல் பட்டறை, ஏணி, மாவுத் தட்டு. காவலர்கள் இரண்டு சந்துக்கு அப்பால்.

முலுண்ட் கையைத் தூக்கினான். “ஒரு நிமிஷம்டா. லாஜிக் இடிக்குது. கத்தியோட மூணு பேர் ஓடி வர்றோம். ஒவ்வொரு வீட்டுலயும் எப்படி உள்ள விடுறாங்க? நிஜத்துல எவன் விடுவான்?”

அவன் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்டான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“விடுவாங்க! எவன் விடுவானா? எங்க அம்மை விடுவா. இது எங்க வீடுல. நாங்க தாராவிதான், சயான் இல்ல. மழை பேஞ்சா தெனம் நூறு பேரு எங்க வீட்டுக்குள்ள பூந்துதான் போவாங்க, ஒருத்தரையும் யாருன்னு கேட்டது கெடையாது. வழின்னு சொன்னா வழி. அம்புட்டுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. காது சுட்டது.  முலுண்டின் முகத்தைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பார்வை வரும், மேலும் கீழும், எனக்குத் தெரியும். அது வந்தால் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று நின்றேன்.

சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்த டைஸோடு மாட்டுங்கா மேஜைக்குத் திரும்பி வந்தாள். அதை உருட்டாமல் கீழே வைத்தாள்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள போறேன்” என்றாள்.

“துரத்திண்டு வரான்டீ!” என்று அலறினான் செம்பூர்.

“வரட்டும். இவன் அம்மா உக்காந்திருக்கா.” என்னைப் பார்த்தாள். “வழி, மாமி. போலாமா?”

 அம்மா தட்டை இழுத்துக்கொள்கிறாள் என்று சொல்ல வேண்டும், அந்த ஒரு வரிதான், வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று மௌஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முலுண்ட் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டான். “ஏய் தாராவி! என்ன ஆச்சுன்னு சீக்கிரம் சொல்லுடா, பின்னால ஆள் வர்றான்!”