ராமர் பச்சையும் பாட்டில் பச்சையும்

"...இதுல என்னடி வித்தியாசம்? ரெண்டும் ராமர் பச்சைதான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னபோது, எங்கள் அபிராமபுரம் வாடகை வீட்டின் ஹாலில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு திட்டுகள், இரண்டும் கரும்பச்சை, பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

அப்பா யார் என்று தெரிந்தால்தான் இந்தப் பேச்சின் கனம் புரியும். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டு செக்‌ஷனில் இருபது வருஷமாக நின்றவர் அவர். கல்யாண வீட்டுக்காரர்கள் "கலர் சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்களாம். "மயில் கழுத்து", "வெங்காயக் கலர்", "அரக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. யாராவது சந்தேகப்பட்டால், "வாயால கேக்காதீங்கம்மா, வெளிச்சத்துக்கு வாங்க" என்று புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கே நடந்துவிடுவார்.

ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் ராமர் பச்சை அடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நிச்சயதார்த்தத்துக்கு அப்பா எடுத்துக்கொடுத்த புடவை அந்த நிறம். பெயின்டர் ஏகாம்பரம் அண்ணன் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்கு வண்ணம் அடிப்பவர். ஷூட்டிங் இல்லாத நாட்களில் வீட்டு வேலைக்கு வருவார். "ராமரு பச்சைன்னா இன்னாக்கா? எனக்குத் தெர்ஞ்சது பாட்டில் பச்சைதான்" என்று அலுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கலந்து அடித்துக்காட்டினார். ஒன்றில் உள்ளே நீலம் ஓடியது, அது ராமர் பச்சை; மற்றதில் கறுப்பு, அது பாட்டில் பச்சை. ஒன்பது வயதில் எனக்கே அது தெரிந்தது.

"நல்லா பாத்துச் சொல்லுங்க, எது என் புடவை?" என்றாள் அம்மா மறுபடியும். அப்பா குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கடைசியில் பாட்டில் பச்சையின் மேல் விரலை வைத்தார்.

"இன்னா நைனா, பட்டுக்கடையில கீறேன்னு சொல்லிக்கினு இதுகூடத் தெர்லயா? உன்னை நம்பி எத்தினி பொண்ணுங்க கறுப்பைக் கட்டிக்கினு மணவறையில குந்திச்சோ!" என்று ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அம்மா சிரிக்கவில்லை. "ட்யூப்லைட் வெளிச்சத்துல அப்படித்தாம்ப்பா தெரியும்" என்றாள். மத்தியானம் இரண்டு மணி. காலையிலிருந்தே கரன்ட் இல்லை. ஏகாம்பரம் அண்ணன் அண்ணாந்து நின்றுபோன ஃபேனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நீலம் ஓடிய பச்சையையே அடிக்கத் தொடங்கினார்.

அப்பாவின் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. பிற்பாடு ஆபரேஷனும் ஆனது. ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் இருந்ததெல்லாம் "கலர் சார்" என்ற ஒரு பேர்தான், அது அந்தச் சுவரில் ஆடிப்போயிருந்தது. கடையிலும் ஒருநாள் ஆடும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

போன வாரம் அடையாறில் என் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் செல்போனில் இரண்டு கரும்பச்சைகளைக் காட்டினார். "ராமர் பச்சை இல்லையா?" என்றேன். "கலர் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றார். அபிராமபுரம் வீடு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சுவரும் போயிற்று, அதன் நிறத்துக்கு இருந்த பேரும் போயிற்று.

அப்பா அந்தக் கேலிக்குப் பிறகு என்ன செய்தார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அன்று முழுக்க அந்தச் சுவர்ப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மறுநாள், யாரும் கண்டுபிடிக்கும் முன்னால், கடை திறந்ததும் முதலாளியிடம் போய், "எனக்கு வேட்டி செக்‌ஷன் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே போய் நின்றார்.