கவுன்சிலர் மேடம்

மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. "கவுன்சிலர் மேடம் உங்களப் பாக்கணுமாங்க." வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவிளக்கு எரியாததையும் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அங்கே இருந்தவர் பள்ளியின் மனநல ஆலோசகர்.

நெடுநெடுவென்ற உருவம், குட்டையாகக் கத்தரித்த நரைமுடி. எந்தக் குழந்தை வந்தாலும் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்துகொள்வாராம். ஒரு மாதமாகப் பள்ளி என்றாலே வயிற்றுவலி என்று அழுத என் மகள், அவர் பக்கத்தில் சம்மணமிட்டிருந்தாள்.

"புள்ள என்னங்க சொன்னா?" என்றேன்.

"பயப்பட ஒண்ணுமில்லீங்க. டீச்சர்கிட்டப் பேசிச் சரி பண்ணியாச்சு. மத்ததெல்லாம் அம்மிணியக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்" என்றவர் அவளிடம் குனிந்தார். "அப்பாகிட்டச் சொல்லட்டுமா சாமி?"

வேண்டாமென்று தலையாட்டினாள்.

"வேண்டாமாமுங்க!" என்று அறை அதிரச் சிரித்தார்.

பெற்ற அப்பனிடமே ரகசியமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மகளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நானும் சிரித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வேன் வருமுன்பே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை என்னிடமிருந்துகூடப் பத்திரமாகக் காத்த அந்த அம்மாளை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.