சத்தமில்லாத மூன்று நிமிடம்

போன ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. முந்திரிக்கொட்டை உடைக்கும் காட்சி வந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டேன். கணவன் இறந்த செய்தி கேட்ட பெண், அழாமல், கொட்டைகளை உடைத்துக்கொண்டே இருக்கிறாள். பின்னணியில் வயலின் உருகுகிறது. அந்த வயலின் அங்கே வந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

2006 அல்லது 2007 இருக்கும். கடலூரில் நிருபராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, செய்தியே கிடைக்காமல் திருப்பாதிரிப்புலியூரில் சுற்றியபோது, ஒரு தியேட்டருக்குள் கூச்சல் கேட்டது. கடலை வாசனையும் வியர்வையும் கலந்த இருட்டில் போய் நின்றேன். திரையில் படம் ஓடுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"மச்சான், ஸ்பீக்கர் பாக்ஸ் போயிடுச்சுடா."

"யோவ் ஆபரேட்டரு, படம் மட்டும்தான காட்டுற, பாதி காச எடுத்து வையி."

ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. 'ஒலிக் கோளாறு: ரசிகர்கள் ரகளை' என்று ஆறு வரி அனுப்பிவிட்டேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நேரில் பார்த்தவனுக்கு விசாரணை எதற்கு என்ற எண்ணம்.

மறுநாள் காலை, படத்தின் இயக்குநர் எங்கள் பேப்பரோடு அலுவலகத்துக்கு வந்தார். காடாம்புலியூர்க்காரர். அதுதான் முதல் படம்.

"கோளாறு இல்ல சார். சாவு சேதி கேட்டதும் அவளுக்குக் காது அடைச்சிடுது. பாக்குறவங்களுக்கும் அடைக்கட்டும்னு மூணு நிமிஷம் சவுண்ட எடுத்துட்டேன். இப்ப விநியோகஸ்தரு, பேப்பர்லயே வந்துடுச்சு, மியூசிக் போடு, இல்லன்னா திங்கக்கெழம படத்தத் தூக்கிடுவேன்றாரு. சிதம்பரத்துல ஒரு ஷோ பாருங்க. பாத்துட்டு நாலு வரி எழுதுங்க சார். அதக் காட்டிப் பேசிப் பாக்குறேன்."

அன்று மாலையே இருவரும் பஸ் ஏறினோம். சிதம்பரத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். அந்தக் காட்சியில் முதலில் ஒரு விசில் வந்தது. "டேய், சும்மா கெடடா" என்றது ஒரு பெண்குரல். பிறகு மின்விசிறிகள் சுற்றுவது மட்டும் கேட்டது. முன்வரிசையில் கடலை தின்றவர் மெல்லுவதை நிறுத்தினார். இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். அவர் கேட்டது நாலு வரி. நன்றாக எழுதும் ஆசையில் நான் எழுதியது நாற்பது வரி. நாலு வரி என்றால் மறுநாளே ஏதாவது ஒரு மூலையில் வந்திருக்கும். நாற்பது வரி, புதன்கிழமை சினிமா பக்கத்துக்குக் காத்திருந்தது. என் ஆறு வரி தவறு என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

திங்கட்கிழமையே இயக்குநர் இசை சேர்க்கச் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டார்.

வயலினோடு புது ரீல்கள் வந்தன. படம் ஐந்து வாரம் ஓடியதால், விநியோகஸ்தரைக் குறை சொல்லவும் வழியில்லை. இயக்குநர் அதற்குப் பிறகு மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் இசை ஒரு நொடி நிற்காது.

சிதம்பரம் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். பழைய ரீல்கள் யாரிடமும் இல்லை.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். அவள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி, "டிவி ரிப்பேரா?"