நான் குடிக்காத பால்

மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குக் காலை ஐந்தரைக்கெல்லாம் பால் பாக்கெட் வந்துவிடும். மருமகள் காய்ச்சி, டம்ளரில் ஊற்றி, என் முன்னால் வைப்பாள். ஆடை படிந்து ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "பிடிக்கலைன்னா முன்னாடியே சொல்லுங்களேன் மாமா" என்று அவள் சலித்துக்கொள்வாள். பிடிக்காமல் என்ன! ஒரே மூச்சில் இரண்டு டம்ளர் குடித்தவன் நான். அந்த இரண்டில் ஒன்று என் அக்காவுக்கு ஊற்றியது. அதைப் பற்றி எழுதலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இது நாலாவது தடவை.

அக்கா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. பெசன்ட் நகர் கோயிலில் ஜெபம் சொல்லிக் கிளம்பினால், காவிப் புடவையும் கையில் ஜெபமாலையுமாகப் பத்துப் பதினோரு நாள் நடை. பின்னாலேயே ஒரு வேன் வரும். சாமான்களுக்கும் சமையல் பாத்திரங்களுக்கும்தான் அது. முடியாதவர்களும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஏறியவர்களை அக்கா ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், அடுத்த வருஷம் அவர்கள் பெயர் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். வழியில் யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. "குடுக்கறது அவங்க இல்ல, மாதா. வேணாம்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்பாள். அந்தச் சட்டம் அவளையே வந்து பிடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் வலது கைக் கட்டைவிரல் நடுங்கியது. பிறகு எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. பங்கு அறிவிப்புப் பலகையில் அவள் எழுதியதைப் படிக்க நான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னபோது அறையில் அவளும் நானும் மட்டும்தான். அவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். பாலோ முட்டையோ பருப்போ அதோடு சேர்ந்து உள்ளே போனால் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். இரண்டாவது, நடக்கும்போது சில சமயம் கால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவள் பாதத்துக்கு முன்னால் உங்கள் பாதத்தை வையுங்கள், தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால் கால் கிளம்பும் என்றார். "இழுத்தா அப்படியே சாஞ்சிடுவாங்க" என்று கையைச் சாய்த்தும் காட்டினார்.

அந்த ஆகஸ்டிலும் நடப்பேன் என்றாள். கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினேன். "சொன்னா வேன்ல உக்கார வெச்சிடுவாங்கடா. வேன்ல போறதுக்கு நான் எதுக்கு, ஒரு மூட்டையைப் போடு" என்றாள். கே.கே. நகரில் இருக்கும் தன் மகளிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். கிளம்பும் அன்று கோயில் வாசற்படியிலேயே கால் ஒட்டிக்கொண்டது. குனிந்து செருப்பைத் தேடுகிறவன்போல என் பாதத்தைக் குறுக்கே வைத்தேன். தாண்டிவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, பாவி.

நடந்து போகிறவர்களுக்கு வழியில் இருக்கும் வீடுகளில் வருஷா வருஷம் ஏதாவது கொடுப்பார்கள். கஞ்சி, சுண்டல், மோர். காலையில் பெரும்பாலும் சுடச்சுடப் பால். அதுவும் சரியாக அக்கா மாத்திரை போட்ட நேரத்தில்தான் வரும். அவள் டம்ளரை வாங்கி, நன்றி சொல்லி, வாய்வரை கொண்டுபோவாள். கொடுத்தவர் அடுத்த ஆளிடம் நகர்ந்ததும் அது என் கைக்கு வந்துவிடும். நான் ஒரே மடக்கில் முடித்துவிடுவேன். முதல் மூன்று நாளும் இப்படித்தான் ஓடியது. சாயங்காலங்களில் அவள் நடை தளர்ந்தாலும் பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட்டோம். மூன்றாம் நாள் மட்டும் இரண்டு தடவை என் பாதம் குறுக்கே போக வேண்டியிருந்தது.

இங்கே ஆயாம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்தவர். அடையாறில் கால்வாய் ஓரம் வீடு. சர்க்கரை வியாதிக்காரர். அக்கா மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. கூட்டத்தில் கிண்டல் என்றாலும் அவர்தான். நான் இரட்டைப் பால் குடிப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். "இன்னாண்ணா, டீச்சர் பங்கையும் சேத்து அடிக்கிறீங்க! வேளாங்கண்ணிக்குப் போறீங்களா, விருந்துக்குப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து எனக்குப் 'பால்கார மாமா' என்று பெயர். இளசுகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்து மழுப்பினேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. அறுபத்திரண்டு வயதில் சாப்பாட்டு ராமன் என்று பெயர் எடுக்க யாருக்குத்தான் ஆசை?

நாலாம் நாள் காலை, மரக்காணம் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்த இடம். ஒரு வீட்டு வாசலில் பால் கொடுத்தார்கள். அக்கா டம்ளரை என் பக்கம் நீட்டினாள். ஆயாம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டை உதறினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வீட்டுக்காரப் பெண்மணி, "சூடு ஆறுதும்மா, குடிங்க" என்றார். அக்கா குடித்தாள். அவள் வைத்த சட்டம், அவளே எப்படி மீறுவாள்?

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன். வெயில் ஏறியது, சாலைக்கு எதிர்ப்பக்கம் நிழல் இருந்ததால் கடந்தோம். அக்கா நடுச்சாலையில் நின்றுவிட்டாள். ஓடிப்போய்ப் பாதத்தைக் குறுக்கே வைத்தேன். குனிந்து அதைப் பார்த்தாள், கால் கிளம்பவில்லை. "தாண்டுக்கா, தாண்டு" என்றேன். முகம் சுவர்போல் ஆகிவிட்டது. கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஆயாம்மா சாலையோரத்திலிருந்து பாய்ந்து வந்து, "டீச்சர்!" என்று கத்தி, கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். லாரி ஒதுங்கிப் போய்விட்டது. அக்கா கட்டை சாய்ந்த மாதிரி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இல்லை என்று டாக்டர் சொல்கிறார், அப்படியெல்லாம் கேட்காதாம். கேட்டது.

ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவந்தோம். ஆபரேஷன் ஆனது, ஆனால் அக்கா மறுபடி எழுந்து நடக்கவில்லை. நோய் விஷயம் தெரிந்ததும் மகள் என்னைத் திட்டித் தீர்த்தாள். அது நியாயம், வாங்கிக்கொண்டேன். ஆனால் அவள் ஆயாம்மாவையும் விடவில்லை. "அப்படியா மாட்டைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இழுப்பாங்க?" என்று வார்டு வாசலிலேயே கேட்டாள். அந்த அம்மா அன்றைக்குக் குனிந்த தலைதான். பங்கு முழுக்க அதே பேச்சாகிவிட்டது. பால் விஷயம் எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்றார்கள். அக்காவின் குரல் அதற்குள் உதட்டோடு நின்றுவிட்டிருந்தது. காதை வைத்தால்தான் கேட்கும். "ஆயாம்மாகிட்ட சொல்லிடுடா. அவ இழுக்கலைன்னா லாரில அடிபட்டுப் போயிருப்பேன்னு சொல்லு. மாத்திரை வேலை செய்யலை, அதான் நின்னுட்டேன்னு சொல்லு." சரிக்கா என்றேன். "பால் குடிச்சதையும் சொல்லு" என்றாள். அதற்கும் சரி என்றேன். இரண்டு நாளில் போய்விட்டாள். அடக்கத்தில் ஆயாம்மா கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்றேன். பிறகு தவக்காலம் வந்தது, அது முடியட்டும் என்றேன். பிறகு ஆகஸ்டே வந்துவிட்டது. ஆயாம்மா நடக்கப்போகிறார், அதுவும் செருப்பில்லாமல், டீச்சருக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக என்று கேள்விப்பட்டேன். சர்க்கரைக் கால்! பெசன்ட் நகர் கோயில் முன்னால் எல்லோரையும் வழியனுப்ப நானும் போயிருந்தேன். போய்த் திரும்பியவருக்கு உள்ளங்காலில் புண். புண் விரலுக்கு ஏறி, ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறார் என்று போன வாரம் கோயிலில் ஒருவர் சொன்னார். மறுபடியும் வெறுங்காலோடுதானாம். அதற்குமேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்து அடையாறு போனேன். ஆயாம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் நோய், மாத்திரை, நான் துண்டை உதறியது, அவர் இழுத்ததால்தான் அக்கா அன்று உயிரோடு கரைசேர்ந்தாள் என்பது. அழுதும்விட்டேன். அவர் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தார்.

"டீச்சரே சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமாம்மா."

"எப்போ?"

"போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

அவர் கொஞ்ச நேரம் விரல்விட்டு எதையோ எண்ணுகிறவர்போல் இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்போ போன வருசம் நான் வெறுங்காலோட கெளம்பினப்போ, நீங்க அங்கதானேண்ணா நின்னுக்கினு இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.