குப்பாயி பாடிய கேசட்

கேசட் பதிவுக் கடைக்கு வருகிறவன் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டான். பாதி வரியைத் தப்பாகப் பாடிக் காட்டிவிட்டு மீதியை நம்மைக் கேட்பான். இந்தத் தொழிலில் அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கடை. ஒரு பக்கம் கேசட், மறுபக்கம் எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்ட சமயத்தில் நடந்தவை இவை.

ஓசிப் படிப்பு

சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்காரர் ஒருவர் ஊர் போக வழியின்றி என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். பொழுது போக ஒரு புத்தகத்தை உருவினார். கறையான்களைப் பற்றியது. அட்டை கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது. எவனும் தொடாத சரக்கு.

காலையில் குனிந்தவர் சாயங்காலம்தான் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. பதறிப்போய் என்ன ஆச்சு என்றேன். புத்தகத்தை அலமாரியிலேயே திருப்பி வைத்தார். "புத்தெல்லாம் நல்லாத்தான் கட்டிக்கினு வருதுங்க. கடைசில ராணிய சாவடிச்சிட்டானே படுபாவி! இனிமே வூட்டுக்குப் போயி எப்புடிங்க சோறு துன்றது?"

அறுந்த நாடா

மறுநாள் சடையன் வந்தார். கல்வராயன் மலைக்காரர். பஸ் இல்லாததால் நடந்தே இறங்கியிருந்தார். மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். நாடா அறுந்து தொங்கியது. பாட்டு சேகரிக்க மலைக்குப் போன யாரோ சிலர், அவர் மனைவி குப்பாயி சாமைக்கொல்லையில் களை எடுத்தபடி பாடியதைப் பதிந்து, அவரிடமும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர், தெரியாது. குப்பாயி இப்போது இல்லை.

ஒட்டினேன். புதுக் கூட்டில் போட்டேன். கேசட்டின் பின்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் காதை உடைத்தேன். உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. சரிபார்க்க ஓடவிட்டேன். கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. மேளமில்லை, தாளமில்லை. அப்படி ஒரு குரலை நான் அதுவரை விற்றதில்லை. உப்பு வாங்கி வருகிறேன், இங்கேயே இருக்கட்டும் என்று கிளம்பியவரிடம், இன்னொரு பிரதி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். "வாணாங்க. ஒருத்தி ரெண்டு வூட்டுல இருக்க முடியுமா?"

காலி கேசட்

அவர் தலை மறைந்ததும் ஏழுமலை வந்தான். சவுண்டு சர்வீஸ்காரன். மறியலுக்கு அவன்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தான். கத்திக் கத்திப் பையன்களுக்குத் தொண்டை போய்விட்டதாம். கோஷத்தைப் பதிந்து திரும்பத் திரும்பப் போட ஒரு காலி கேசட் வேண்டுமாம். லாரி வராமல் ஊரிலேயே காலி கேசட் கிடையாது. இல்லை என்றேன். நான் உள்ளே திரும்பிய நேரம், மேஜையில் பெயர் எழுதாமல் கிடந்த சடையன் கேசட்டை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டான்.

காதுதான் உடைந்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் தைரியமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தத் துளையில் காகிதத்தைத் திணித்தால் பதியும். அவனுக்கு அந்த வித்தையெல்லாம் அத்துப்படி. கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினேன். "டேய், அது காலி இல்லடா!" என்று கத்தினேன். காசு கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான். "காசு அப்புறம் தரேன் அண்ணாத்த, போராட்டத்துக்குத்தான!"

மரத்தடி

தியாகதுருகம் சாலையில் புளியமரம் குறுக்கே கிடந்தது. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் ஏழுமலை காகிதம் திணித்து, கோஷத்துக்கு முன் சோதனையாக இரண்டு வார்த்தை பேசிப் பதிந்துவிட்டான். சரியாக வந்ததா என்று போட்டுப் பார்த்தான். "அலோ, மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்." அடுத்த நொடி குழாயில் குப்பாயி பாடினாள்.

கோஷம் நின்றது. கிளை வெட்டிக்கொண்டிருந்தவன் அரிவாளைக் கீழே வைத்தான். ஏழுமலை பேயறைந்தவன்போல் நின்றான். கடைத்தெரு வரை கேட்டிருக்கிறது. உப்பு மூட்டையோடு சடையன் ஓடி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. டேப் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாட்டு முடிந்தது. பிறகு ஏழுமலை கேசட்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தான்.

முதல் வரி அழிந்துவிட்டது. மிச்சம் தப்பியது. அந்த மைக் டெஸ்டிங்கையாவது வெட்டி எடுத்துத் தருகிறேன் என்றேன். சடையன் கேசட்டை மடியில் செருகிக்கொண்டார். "வுடுங்க. யாராச்சும் மொதல்ல பேச்சு குடுத்தாத்தான் அவ பாடுவா."

ஆக, என் கடைக்குள் நான் கண்டெடுத்த நல்ல சரக்கு எதுவும் விலைக்குப் போனதில்லை.