வாசலில் கேட்ட கேள்வி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை நெருங்கிய நேரம். மெர்லிமாவ் என்ற ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் ஒப்பந்த ஆசிரியையாக இருந்தேன். இன்றும் அதே ஒப்பந்தம்தான், அதை விடுங்கள்.

முதலாம் ஆண்டு வகுப்புக்குப் பிள்ளைகள் சேரவில்லை. பிள்ளைகள் குறைந்தால் முதலில் போவது என் வேலைதான். அதனால் தலைமையாசிரியர் என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். உச்சி வெயில். வாசலுக்கு வாசல் நாய் குரைக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளையைச் சீனப் பள்ளியில் போட்டாயிற்று என்றார்கள். இன்னொரு வீட்டில் தொலைக்காட்சியிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. இதற்காகவா படித்துப் பட்டம் வாங்கினேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி வீட்டில் ஓர் அம்மா. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. அவர் மகளுக்குப் பள்ளியில் சேரும் வயது. தலைமையாசிரியர் என்னைக் காட்டி, நல்ல டீச்சர், இவர்தான் பாடம் எடுப்பார் என்று அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா குறுக்கிட்டார்.

"மூத்தவனுக்கு டீச்சர் மாறிக்கிட்டே இருந்தாங்க சார். அவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இவங்களாச்சும் இருப்பாங்களா?"

"கண்டிப்பா இருப்பாங்கம்மா!"

எனக்கு வந்ததே கோபம்! எனக்கே தெரியாத விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

"தெரியாதுங்கக்கா. நானே கன்ட்ராக்ட்லா. நீட்டிப்பாங்களா இல்லையான்னு வருஷக் கடைசியிலதான் சொல்லுவாங்க."

தலைமையாசிரியர் முகம் சுருங்கிவிட்டது. அந்த அம்மா உள்ளே போய்விட்டார். என் வேலையை நானே கெடுத்துக்கொண்டேன் என்று செருப்பைத் தேடினேன்.

அவர் சில்லென்ற ரோஜா சிரப் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"உக்காருங்க டீச்சர். நானும் ஹோட்டல்ல கன்ட்ராக்ட்தான். பாப்பாவ அனுப்புறேன். ஆனா போறதா இருந்தா திடுதிப்புன்னு போயிடாதீங்க. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

இத்தனை ஆண்டுகளில் எந்த அலுவலகமும் எனக்கு முன்கூட்டியே எதையும் சொன்னதில்லை. நான் போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் ஆண்டு. கதைப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாள். ஆண்டு முடிவில் ஒப்பந்தம் நீண்டால், என் வீட்டுக்குச் சொல்வதற்கு முன் அவள் அம்மாவைத்தான் அழைக்கிறேன்.

இந்த ஆண்டும் இன்னும் தகவல் இல்லை. கல்வி அலுவலகத்தில் கேட்கப் போனால் "பொறுங்க டீச்சர்" என்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் இருப்பதும் போவதும் ஒரு வீட்டுக்கு முக்கியம் என்ற நினைப்புதான், எந்த மேசைக்கு முன்னாலும் என்னைக் கூனாமல் நிற்க வைக்கிறது.